இரண்டு புடவை மிச்சம் இருக்கும்போது

பாப்பா,

முப்பத்தோரு வயதில் ஓசூரில் ஒரு பிளான்ட்டையே அதட்டி வேலை வாங்குகிற பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று உங்கம்மா கேட்கிறாள். கூப்பிடுவேன், என்ன செய்துவிடுவார்களாம்? இது ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. கீழே தள்ளுபடிக் கூட்டம் முண்டியடிக்கிறது. மேல்மாடியில், கல்யாணப் பட்டு செக்‌ஷனில், நாங்கள் நாலு பேர் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்டாக் எழுதுகிற நீள நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் இன்று சாயங்காலம் உங்கம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் என்னைத் திட்டு, போட்டோ ஆடியிருந்தால் அவளைத் திட்டு.

நேற்று செவ்வாய்க்கிழமை, எனக்கு லீவு நாள். காலை பதினோரு மணிக்கு நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பா, கம்பெனில பெரிய போஸ்டுக்குத் தயார் பண்ண ஆறு பேர செலக்ட் பண்ணியிருக்காங்க, அதுல நானும் ஒருத்தி" என்றாய். அந்த ஒரு வரியிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கொண்டு நீ சொன்னதையும் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கலாம்பா. வெளியிலேர்ந்து ஒரு கோச், ஆறு மாசம், பன்னெண்டு தடவை ஒக்காந்து பேசுவாங்க. இல்லன்னா கம்பெனியிலயே ஒரு மென்டர். எங்க பிளான்ட் ஹெட் மேடமே என்ன எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. அவங்க புனேல புது பிளான்ட் போடப் போறாங்க, என்னையும் கூட்டிக்கினு போவாங்க போல. ஃப்ரைடேக்குள்ள சொல்லணும். எனக்கு ஒரே கன்ஃப்யூஷனா இருக்குதுப்பா" என்றாய்.

இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். கோச் என்றால் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்கிறவர், அவருக்கும் கார் பாகம் செய்கிற கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்றேன். மேடம் மெஷின் ஓடுகிற ஷாப் ஃப்ளோரிலிருந்து மேலே வந்தவர், அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றேன். புனேயில் குளிருமா, அங்கே நம்ம ஊர் அரிசி கிடைக்குமா, மாப்பிள்ளை வேலைக்கு என்ன செய்வார், எல்லாவற்றுக்கும் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொன்னேன். நடுவில் நீ, "அப்பா, மேடம் ரொம்ப நல்லவங்கதான். ஆனா எனக்கு அவங்கள மாதிரி ஆவணுமான்னு..." என்று ஆரம்பித்தாய். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று உன் வாயை அடைத்தேன். பிறகு, "சரிப்பா, பஸ் வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

எனக்கு ஒரே சந்தோஷம். என்னமோ நானே புனே பிளான்ட்டுக்குப் பூஜை போட்டுத் திறந்து வைத்த மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்வீட் வாங்கக் கிளம்பினேன். உங்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "பதினோரு மணிக்கு ஃபேக்டரிக்குள்ள எந்த பஸ்ஸுங்க வருது?"

நான் நின்றுவிட்டேன். "மொத்தம் பதினாலு நிமிஷம். அவ பேசினது மொதல் ரெண்டு நிமிஷம். மீதிய பூரா நீங்கதான் பேசிக்கினு இருந்தீங்க. அவ ஒங்ககிட்ட யோசன கேட்டாளா, புடவ கேட்டாளா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தைந்து வருஷமாகப் பேசித்தான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனேன். ஸ்வீட்டும் வாங்கினேன். இன்று காலை கடையில் எல்லாருக்கும் கொடுத்தும் விட்டேன், அதில் ஒன்றும் மாற்றமில்லை, என் பெண்ணை ஆறு பேரில் ஒருத்தியாக எடுத்திருக்கிறார்கள், ஊர் முழுக்கச் சொல்லுவேன். ஆனால் உங்கம்மா கேட்ட கேள்வி நேற்று முழுக்க என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் இந்தத் தப்பை நான் முதல் தடவை செய்யவில்லை. கோச், மென்டர் என்ற பேர்தான் எனக்குப் புதிது. இரண்டு பேரையும் நான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பொறுமையாகப் படி.

கபூர் பாயைப் பற்றி உனக்குப் புதிதாக என்ன சொல்வது? உன் காது குத்துக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். நான் இருபத்திரண்டு வயதில் இந்தக் கடையில் சேர்ந்தபோது மேல்மாடிக்கு அவர்தான் ராஜா. என்னைவிட ஒன்பது வயதுதான் பெரியவர். ஆனால் அவர் ஒரு முகூர்த்தப் புடவையை எடுத்துத் தன் தோளில் போட்டு, முந்தானையை முன்னால் விரித்து, நாலு அடி நடந்து காட்டினால், மீசை வைத்த ஆம்பிளை என்பதே மறந்துபோய்ப் பெண்கள் அந்தப் புடவையை மட்டும் பார்ப்பார்கள். நான் போட்டுக்கொண்டால் சிரிப்பார்கள். ஏன் என்று அவரிடம் கேட்டேன். "நீ ஒன்ன காட்டறபா. பொடவையக் காட்டு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் பாடம் எடுக்கமாட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். சேர்ந்த இரண்டாம் வருஷம் என்னை குடோனுக்கு அனுப்ப முதலாளி முடிவு செய்தபோது, "இவன் மேலயே இருக்கட்டும் மொதலாளி, எனக்கு வேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இன்று மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் போய் நின்றதும் அவர்தான், நான் ஒரு கும்பகோணத்துக் கல்யாணப் பார்ட்டியிடம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் நான் அவரை அப்படியே காப்பியடித்தேன். அவர் வாடிக்கையாளரிடம் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அடேயப்பா, என்ன பணிவு, என்ன அக்கறை, இதுதான் விற்பனையின் ரகசியம் என்று நானும் சாய்த்தேன். பதினோரு வருஷம் சாய்த்தேன். பிறகு ஒரு ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனோம், உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பாயின் வீட்டம்மா என் தலையைப் பார்த்துப் பார்த்து, "ஏன் தம்பி, ஒங்களுக்கும் எடது காது கேக்காதா?" என்று கேட்டார்கள். நீ கையில் இருந்த முட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். பாய் அதைவிடச் சிரித்தார். "நானும் பாத்துக்கினுதான் இருந்தேன், பாவம் கழுத்து வலிபோலன்னு நெனச்சேன்பா" என்றார். இன்றைக்கும் கடையில் கூட்டம் அதிகமானால் என் தலை தானாகச் சாய்கிறது.

சிரித்துவிட்டாயா? சரி. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பாய்க்கு இங்கிலீஷ் என்றால் பயம். வெளிநாட்டுக்காரர்கள், பெங்களூர் பார்ட்டிகள் படியேறி வந்தால், ஸ்டோர் ரூமில் எதையோ தேடப் போய்விடுவார். நானும் பின்னாலேயே போவேன். எனக்கு இங்கிலீஷ் வருமா வராதா என்று நான் முயற்சி செய்துகூடப் பார்த்ததில்லை. அவருக்குப் பயம், அதனால் எனக்கும் பயம். இருபது வருஷம் இரண்டு பேரும் ஸ்டோர் ரூமில் இல்லாத புடவையைத் தேடியிருக்கிறோம். ஒருவரை நம்பி அவர் பின்னால் போகும்போது அவருடைய நல்லதும் வரும், அவர் ஒதுங்கிய மூலையும் சேர்ந்து வரும். பாயிடம் ஒரு குறையும் இல்லை, பிரிக்கத் தெரியாதது என் தப்பு.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நூறு புடவை விரித்து, அதில் பத்து ஒதுக்கி, கடைசியில் இரண்டு புடவை மிச்சம் என்று வந்து நின்றால், பாய் எழுந்துவிடுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மடிப்பைச் சரி செய்துவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வரேன்மா" என்று போவார். எனக்குத் தலைதலையாய் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். வியாபாரம் முடிகிற நேரத்தில் யாராவது எழுந்து போவார்களா? சர்க்கரை வியாதி, அதான் தாகம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவர் போன நேரம் பார்த்து நான் உள்ளே புகுந்து, "அக்கா, இது கட்டினா போட்டோல தூக்கும்" என்று ஆரம்பிப்பேன். தலையைச் சாய்த்துக் காப்பியடித்தவன் தண்ணீரைக் காப்பியடிக்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வராது, உனக்குத்தான் தெரியுமே.

இப்போது இன்னொரு ஆள். பாய் ரிட்டயர் ஆன பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், சின்ன முதலாளி சென்னையிலிருந்து ரம்யா என்று ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார்டில் கோச் என்றுதான் போட்டிருந்தது, நேற்று ராத்திரிதான் பர்ஸில் தேடி எடுத்துக் கவனித்தேன். உன்னைவிட நாலு வயது சின்னவள். வாழ்க்கையில் ஒரு புடவை விற்றதில்லை, அதை அவளே சொன்னாள். கட்டுவதும் எப்போதாவதுதானாம். ஆறு வாரம், வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து எங்களில் ஒவ்வொருவருடனும் தனியாக உட்காருவாள். நான் வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் குதித்தேன். மீன்குஞ்சுக்கு இவள் வந்து நீச்சல் சொல்லித்தரப்போகிறாளாம் என்றேன். முதல் வியாழன் என் சாமர்த்தியம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்று போய்விட்டாள்.

இரண்டாவது வியாழன் லேப்டாப்பைத் திறந்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் இருக்கிற கேமராவில் பதிவானது. சத்தம் இல்லை, படம் மட்டும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பதினோரு பேர் கொண்ட ஒரு பார்ட்டி, நடுவில் நான். ஒரு புடவை மாற்றி ஒரு புடவையாகத் தோளில் போட்டு, நடந்து, கையை ஆட்டி, சிரிக்க வைத்து, ஆஹா, சத்தம் இல்லாமலே எவ்வளவு நன்றாக இருக்கிறேன் என்று நானே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்யா படத்தை நிறுத்தினாள். "சார், இதுல கல்யாணப் பொண்ணு யாரு?" என்றாள்.

பாப்பா, எனக்குத் தெரியவில்லை. இரண்டரை மணி நேரம் அவளுக்குத்தான் முகூர்த்தப் புடவை காட்டியிருக்கிறேன். படத்தில் நாலு இளம் பெண்கள் இருந்தார்கள். மஞ்சள் சுடிதார் போட்டு முன்வரிசையில் இருந்தவளைக் காட்டினேன். "அது தங்கச்சி சார்" என்றாள், பில் போட்ட பையனிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். பிறகு ஒரு தூண் ஓரமாக, இரண்டு அத்தைகளுக்குப் பின்னால், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினாள். படத்தை ஓட்டினாள். நான் அம்மாவிடம் பேசுகிறேன், அத்தையிடம் பேசுகிறேன், மாமனாரிடம் கும்பிடு போடுகிறேன். அந்தப் பெண் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்று வீறாப்பாகக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க சார்?" என்றாள். அதைச் சொல்லத்தானே உன்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை. அடுத்த வியாழன் வரை யோசிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பார்ட்டி வந்தது. பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து, பெண்ணின் அம்மா, சித்தி, மாப்பிள்ளை வீட்டார் என்று ஏழெட்டுப் பேர். நான் மெத்தையில் உட்கார்ந்ததும் முதலில் தேடினேன், கல்யாணப் பெண் யார் என்று. கடைசியில், சுவரோரம். புடவை கட்டை அவிழ்க்காமலே, "உனக்கு எந்தக் கலர்மா புடிக்கும்?" என்று அவளைக் கேட்டேன். அந்தப் பெண் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தது, வேறு யாரையோ கேட்கிறேன் என்று. பிறகு அவள் மெதுவாக, "வாடாமல்லி" என்றாள். சித்திக்காரி, "ஐயே, கறுப்பா தெரிவ" என்றாள். அதன் பிறகு ஒரே சண்டை, ஒரே சிரிப்பு, மாப்பிள்ளையின் அக்கா ஒரு கட்சி, சித்தி ஒரு கட்சி. கடைசியில் இரண்டு புடவை மிச்சம் வந்து நின்றது, வாடாமல்லி ஒன்று, அரக்கு ஒன்று. எனக்கு வாய் துறுதுறுவென்றது. பேசினால் கெட்டது என்று தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல், "தண்ணி குடிச்சுட்டு வரேன்மா" என்று எழுந்துவிட்டேன்.

தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று மூன்று டம்ளர் குடித்தேன். அங்கிருந்து பார்த்தேன். எல்லாரும் இரண்டு புடவையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் சுவரோரத்திலிருந்து நகர்ந்து முன்னால் வந்தாள். இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். வாடாமல்லியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது, "இதான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கல்யாணப் பெண் என்னை நேராகப் பார்த்து அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தண்ணீர் புரையேறிவிட்டது என்று சமாளித்தேன்.

மறுநாள் பாய் வீட்டுக்கு ஓடினேன். "பாய், உண்மையச் சொல்லு, ஒனக்கு சர்க்கர இருக்குதா?" என்றேன். "எனக்கேதுபா சர்க்கர? ரெண்டு ஜிலேபி துன்னுவேன் இப்பகூட" என்றார். அப்புறம் ஏன் தண்ணி குடிக்கப் போவாய் என்று கேட்டேன். பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் அங்கயே இருந்தா என் மூஞ்சியப் பாத்துக்கினே முடிவு பண்ணுவாங்கபா. அதான் கொஞ்சம் நவுந்துக்கறது. இத்தினி வருசமா கூடவே இருந்த, ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று அவர் செய்து காட்டியதைப் பார்க்க, எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பெண் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. அவள் கேள்வி மட்டும் இருந்து பாய் இல்லாமல் போயிருந்தால், அன்றைக்கு எழுந்து எங்கே போவது என்றும் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து நானும் இரண்டு ஜிலேபி தின்றேன், உங்கம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

ரம்யாவைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அவள் போன அடுத்த மாதம் என்னைக் கீழே காட்டன் செக்‌ஷனுக்கு மாற்றப் போவதாகப் பேச்சு வந்தது. பதறிப்போய் அவளுக்கு போன் போட்டேன். "உங்களுக்கு என்ன வேணும்னு முதலாளிகிட்ட எப்படி சொல்லப் போறீங்க சார்?" என்றாள். வீடு பற்றி எரியும்போது தண்ணீர் கேட்டால், நெருப்பைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் அவள் கேட்டுத்தான் முதல் தடவையாக முதலாளி எதிரில் போய், எனக்கு மேல்மாடிதான் வேண்டும், காரணம் இது என்று வாயைத் திறந்து சொன்னேன். மறுநாள் பாய் கைலியோடு வந்து பெரிய முதலாளியுடன் பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு மாற்றல் பேச்சு நின்றுவிட்டது. என் வார்த்தையால் நின்றதா, பாயின் டீயால் நின்றதா, சத்தியமாகத் தெரியாது. பாய்க்கு என்மேல் பாசம், எனக்காக அவர் கதவைத் தட்டுவார். ரம்யாவுக்கு என்மேல் பாசம் கிடையாது, அதனால்தான் அவளால் அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. பாய் முப்பது வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், என் மனம் நோகும் என்று சொல்லவே இல்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கூரத்துப் பெண் வாடாமல்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏன் கண் கலங்கியது என்று உங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே மெத்தையில் நீ உட்கார்ந்திருந்தாய். உன் கல்யாணப் புடவைக்கு. கடை முழுக்க வேடிக்கை பார்த்தது, என் பெண் அல்லவா. கடைசியில் இரண்டு மிச்சம். ஒன்று மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர். இன்னொன்று அரக்கு. மஞ்சளின் முந்தானை உன் மடியில் இருந்தது, உன் கை அதன்மேல் இருந்தது. நான் அரக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாடி முழுக்க நடந்து, தாலி கட்டுகிற போட்டோவில் அரக்கு எப்படி எடுக்கும் தெரியுமா என்று உன் மாமியாரிடம் சொல்லி, எல்லாரையும் கை தட்ட வைத்தேன். பாய் மட்டும், "டேய், போய்த் தண்ணி குடிச்சுட்டு வா" என்றார். "எனக்குத் தாகம் இல்ல பாய்" என்றேன். நீ மடியில் இருந்ததை மெதுவாக மடித்து வைத்துவிட்டு, "சரிப்பா, ஒங்களுக்குப் புடிச்சா சரி" என்றாய்.

எனக்கு அதில் "சரிப்பா" மட்டும்தான் காதில் விழுந்தது. நேற்றும் அதே "சரிப்பா"தான். பதினோரு மணி பஸ்ஸில் ஏறிப் போன "சரிப்பா". அரக்கில் நீ அழகாகத்தான் இருந்தாய், அதில் பொய்யில்லை, ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அதனாலேயே எனக்கு உறுத்தவில்லை. நீ எதைக் கொடுத்தாலும் நன்றாகச் செய்துவிடுகிற பெண். நீ நன்றாகச் செய்ததை எல்லாம் நான் சரியாகத் தேர்ந்தெடுத்தேன் என்று என் கணக்கில் எழுதிக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அதனால் இந்தத் தடவை இரண்டையும் விரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். மேடம் இருக்கிறார். போகிற வழி தெரிந்தவர். உனக்காகப் பேசுவார், நாலு பெரிய மனிதர்கள் எதிரில் உன் பேரைச் சொல்வார், நீ விழுந்தால் பிடிப்பார், உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பார். ஆனால் அவர் நடந்த வழியைத்தான் காட்ட முடியும். அவர் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அது ஏன் என்று நீயே பார்த்துக்கொள்ளவேண்டும். கோச் இருக்கிறார். யாரோ எவரோ. உனக்காக எந்தக் கதவையும் தட்டமாட்டார், ஆறு மாதம் கழித்து உன் பிறந்தநாள்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் உன் படத்தை உனக்குப் போட்டுக் காட்டுவார், நீ எங்கே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று உன்னையே தேடச் சொல்வார். "அவங்கள மாதிரி ஆவணுமான்னு" என்று நீ ஆரம்பித்தாயே, அந்த வரியை முடிக்கும்வரை காத்திருப்பார். உன் அப்பா காத்திருக்கவில்லை.

பார்த்தாயா, இதை எழுதும்போதே என் கை ஒரு புடவையைத் தோளில் போடப் போகிறது. உங்கம்மா மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், இதுவரை எழுதினதைப் படித்துவிட்டு, "எழுதறதுலயும் பேசிக்கினேதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஜிலேபி விஷயமும் தெரிந்துவிட்டது. போகட்டும்.

வெள்ளிக்கிழமை நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். புனேக்குப் போனால் அரிசி மூட்டையோடு ரயில் ஏற்றிவிடுவேன். ஓசூரிலேயே இருந்தால் அடுத்த வாரமே வந்து நிற்பேன். இரண்டுமே வேண்டாம், எனக்கு வேறு ஒன்று வேண்டும் என்றாலும் சரி, ஒதுக்கி வைத்த குவியலிலிருந்து எடுக்கக்கூடாது என்று எந்தக் கடையிலும் சட்டமில்லை. முடிவு செய்த பிறகு போன் போடு. உன் பேச்சு முடிகிறவரை நான் வாயைத் திறக்கமாட்டேன், உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியே அந்த மாம்பழ மஞ்சளைப் பற்றியும் சொல், ஐந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன்.

மடிப்பைச் சரி செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன் பாப்பா.

நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்மா.

அப்பா